மெட்டோடின் வலது கால்

மெட்டோட் ஹ்ரிவ்னாக் இருபத்திரண்டு வருடத்தில் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டியிருக்கிறார். ஓரடிகூட நகர்ந்ததில்லை. சிரிக்காதீர்கள், அவர் வேலையே அதுதான்.

ஜிலினா நகருக்கு வெளியே எங்கள் பரிசோதனை நிலையம். அதில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, தரையில் இரும்பு உருளைகள். புது காரை உருளைகள்மேல் ஏற்றி பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டுகிறவர் முன்னால் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். எந்த நொடியில் எந்த வேகம் என்று அந்தக் கோடு சொல்லும். அரை மணி நேரம், அதாவது ஆயிரத்து எண்ணூறு நொடி, அதை விட்டு விலகாமல் ஓட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஓட்டம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. புகைக்குழாயில் மாட்டிய கருவி வெளியே வருவதை எல்லாம் அளந்து கணக்குப் போடும். இந்தக் கார் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் குடிக்கும், இவ்வளவு புகை விடும் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த எண் இப்படித்தான் பிறக்கிறது.

நான் ஒட்டிலியா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் நொடி சொல்கிறவள். நூறு, இருநூறு, முந்நூறு. இருபத்திரண்டு வருடமும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான்தான் சொல்லியிருக்கிறேன். கட்டின புருஷனோடுகூட நான் இவ்வளவு காலம் இருந்ததில்லை. அந்த மனுஷன் பதினோராவது வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மெட்டோட் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சாக்ஸோடுதான் ஓட்டுவார். அந்த வலது காலுக்கு ஈடு கிடையாது, சும்மா சொல்லக் கூடாது. மற்ற ஓட்டுநர்கள் பத்துக்கு இரண்டு ஓட்டம் கோட்டை விடுவார்கள். இவர் விட்டதே இல்லை. ஆனால் அந்தக் கால் வீட்டுக்கும் கூடவே போயிற்று, அதுதான் வினை. ரோட்டிலும் அதே மாதிரிதான் ஓட்டுவார். ஏசி கிடையாது, பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. பேசினால் கால் ஆடுமாம்! "இந்த ஆளோட கார்ல போறதும் பொணத்தோட போறதும் ஒண்ணுதான்" என்று அவர் மனைவி என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஆஸ்திரியாவில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே என்று போய் வந்துகொண்டிருந்தவள், ஒரு தடவை வராமலே இருந்துவிட்டாள். மகள் ராட்கா படித்து முடித்துக் கோஷிட்சேக்குப் போய்விட்டாள். நாட்டின் அந்தக் கோடிக்கு.

ஜூலை ஐந்து அவருடைய பெயர்த் திருநாள், அதாவது நாட்காட்டியில் அவர் பெயர் போட்டிருக்கும் நாள். எங்கள் ஊரில் பிறந்த நாளைவிட அதற்குத்தான் மவுசு. வேலை செய்கிற இடத்தில் கை குலுக்குவார்கள், ஒரு மிடறு ஊற்றுவார்கள், கேக் வெட்டுவார்கள். மெட்டோட் என்ற புனிதரின் நாள் நாட்டுக்கே விடுமுறை. அதனால் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வருடம்கூட அவருக்கு யாரும் கை குலுக்கியதில்லை. அடுத்த நாள் ஞாபகம் வைத்துச் சொல்ல யாருக்கு என்ன தலையெழுத்து? என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த வசந்தத்தில்தான் ஸ்டிக்கர் சண்டை ஆரம்பித்தது. இனி விற்கிற ஒவ்வொரு புது காரின் முன்கண்ணாடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் கட்டாயம், பச்சையில் ஏ முதல் சிவப்பில் ஜி வரை, சுற்றுச்சூழலுக்கு எது எவ்வளவு கெடுதல் என்று குழந்தைக்கும் தெரிய வேண்டும் என்று அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது. ஜூலை பதினைந்துக்குள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்றார்கள். அவ்வளவுதான், டிவியைத் திறந்தால் இதே பேச்சு. குளிர்சாதனப் பெட்டிக்கு இருக்கிறது, காருக்கு ஏன் கூடாது என்றாள் ஒருத்தி. சிவப்பு ஒட்டினால் என் காரை எவன் வாங்குவான் என்றான் ஒரு வியாபாரி. நியாயம்தான், இரண்டு பக்கமும்.

ஒரு நாள் கார் விற்பனையாளர் சங்கத்து ஆள் ஒருவன், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ஓர் அணுகுண்டைப் போட்டான்.

"இந்த நம்பரெல்லாம் எங்கேருந்து வருதுன்னு தெரியுமா? ஜிலினால சாக்ஸ் போட்டுக்கிட்டு ஒருத்தர் ஓட்டுறார். கால் அடியில முட்டை வெச்சாக்கூட உடையாது. நீங்க அப்படி ஓட்டுவீங்களா? நான் ஓட்டுவேனா? அந்த ஒரு காலை நம்பித்தான் நாடு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டப் போறாங்க!"

அரங்கமே சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுநாள் கேன்டீனில் மெட்டோட் முட்டைக்கோஸ் சூப்பை எடுத்துக்கொண்டு நடந்தால், "பாத்துப்பா, சிந்தாம நடக்குறாரு, ஏ கிரேடு!" என்று கத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியை எடுத்து அடிக்கப் போனேன். அவர் பாட்டுக்குச் சூப்பைக் குடித்தார்.

ஆனால் அவரை உடைத்தது கேன்டீன் இல்லை. அன்று மாலை ராட்கா போன் செய்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு. அவள் போன வருடம் வாங்கிய காரின் ரகம் எங்கள் உருளைமேல் ஏறியதுதான். நாலு புள்ளி ஒன்பது லிட்டர் என்று இவர் கால்தான் எழுதியது.

"அப்பா, என் வண்டி ஏழு குடிக்குது. டிவில அந்தாளு சொல்றது நெஜமா? நீங்க போடுற நம்பர் பொய்யா?"

மறுநாள் இதை என்னிடம் சொன்னார். "பொய்யான்னு கேக்குறா, ஒட்டிலியா. எம் பொண்ணு கேக்குறா."

அதன் பிறகு ஒரே பிடிவாதம். அவள் காரையே, ரோட்டிலேயே, அதே கோட்டின்படி ஓட்டி நாலு புள்ளி ஒன்பதைக் காட்ட வேண்டும். சாட்சிக் கையெழுத்தோடு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். ராட்காவிடம் காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவளும், பெயர்த் திருநாளுக்கு வருகிறேன் என்றாள். சாட்சி யார்? வேறு யார் இருக்கிறார்கள், நான்தான்.

ஜூலை மூன்றாம் தேதி ராட்கா எனக்குப் போன் செய்தாள். உறவில்லை என்றாலும் சின்ன வயதிலிருந்தே என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தை, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஓட்டிக் காட்டுறது எல்லாம் எனக்கு வேண்டாம். நான் வரதே வேற விஷயத்துக்கு. எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மா கெடக்கு. அப்பா அங்க ஒண்டியா கெடக்குறாரு. வந்துடுங்கன்னு கேக்கப் போறேன். வருவாரா?"

"கேட்டுப் பாரும்மா" என்றேன்.

"பயமா இருக்கு அத்தை. அவர்கிட்ட நான் எதையும் கேட்டதே இல்ல. கார்ல போகும்போது கேக்கலாம்னு இருக்கேன். மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கேக்க என்னால முடியாது."

போனை வைத்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவர் போய்விட்டால் மைக்கில் நான் யாருக்கு நொடி சொல்வேன்?

ஜூலை ஐந்து, வெள்ளிக்கிழமை. விடுமுறை நாளில் லாரிகள் ஓடாது. தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாகக் கிடந்தன. காலை ஏழு மணிக்கு ராட்கா கசகசா ரொட்டிச் சுருளோடு வந்து அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். மெட்டோட் அதை வாங்கி டிக்கியில் வைத்தார். எடை கூடும் என்று மறுபடி எடுத்து, நிலையத்து வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஷூவைக் கழற்றினார். ராட்கா பக்கத்தில், நான் பின்னால், கையில் காகிதமும் நொடிக்கடிகாரமும்.

"யாரும் பேசக் கூடாது. அரை மணிதான்."

கோடு அவருக்கு மனப்பாடம். யாருமில்லாத சாலையில், சிக்னல் விளக்கில்லாத இடத்தில், வண்டி தானாக நிற்கும், பன்னிரண்டு நொடி நிற்கும், கிளம்பும். முந்நூறு நொடியில் வண்டியின் சின்னத் திரை சராசரி ஏழு புள்ளி இரண்டு லிட்டர் என்று காட்டியது. அறுநூறில் ஆறு. ராட்கா ஜன்னல் பக்கம் திரும்பி விரலை விரலால் நெரித்துக்கொண்டிருந்தாள். விரைவுச் சாலையில் ஏறியபோது ஐந்து புள்ளி மூன்றுக்கு இறங்கியிருந்தது.

"அப்பா..." என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா."

"அப்பா, நான் ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுல..."

"இரு ராட்கா, இரு. இன்னும் பதினோரு நிமிஷம்தான்."

அவள் இருந்தாள். ஆயிரத்து முந்நூறு. ஆயிரத்து நானூறு. கடைசிப் பகுதியில் நூற்று முப்பது வரை ஏற வேண்டும். அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். திரையில் எண் ஐந்து புள்ளி ஒன்றில் வந்து நின்றுவிட்டது. அப்போது அவள் மூன்றாம் முறையாக வாயைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர்.

"அப்பா, நீங்க அங்க..."

"ஷ்!" என்றேன். மெட்டோட் இல்லை, நான். "வாய மூடு, ராட்கா! முந்நூறு நொடி இருக்கு, கெடுத்துடாத!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். விஷயம் முழுதும் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் பார்வையை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. எண்மேல் இருந்த ஆசையால் அதட்டினேனா, அவள் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தால் அதட்டினேனா என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அவர் போகக் கூடாது என்றுதான்.

ஆயிரத்து எண்ணூறாவது நொடியில் வண்டி நின்றது. நாலு புள்ளி ஒன்பது. மெட்டோட் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தட்டினார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பாத்தியா? பொய்யா சொன்னேன்? இப்ப சொல்லு, பொய்யா?"

"இல்லப்பா. நம்பர் சரிதான்" என்றாள் ராட்கா.

"ஏதோ கேக்கணும்னியே?"

"ஒண்ணுமில்லப்பா. மறந்துட்டேன்."

காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட இருக்கவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். விருட்டென்று எடுத்தாள், கூழாங்கல் தெறித்தது. "இப்படி எடுத்தா ஏழு குடிக்காம என்ன செய்யும்?" என்று மெட்டோட் சிரித்தார். அன்றே அமைச்சகத்துக்கு அனுப்பினார். உங்கள் கருத்து இருநூற்றுப் பன்னிரண்டாவதாகப் பதிவு செய்யப்பட்டது, நன்றி என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து என்னிடம் காட்டினார்.

சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மூன்று மணி வாக்கில் அவர் உருளைமேல் இருந்தார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னாலும்தான் முடியாது. தொள்ளாயிரம் என்று சொல்லவேண்டிய இடத்தில், மைக்கில் சொன்னேன்.

"மெட்டோட், ராட்கா உங்களைக் கோஷிட்சேக்குக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தா. உங்களுக்குன்னு ரூம் வெச்சிருக்கா. அதைத்தான் கேக்க வந்தா. எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் அவளை அதட்டினேன்."

அவர் கால் பெடலிலிருந்து எழுந்தது. திரையில் கோடு மட்டும் தன்பாட்டுக்கு ஏறிப் போனது. வண்டியின் வேகம் கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டது. அவருடைய முதல் செல்லாத ஓட்டம். கதவைத் திறந்துகொண்டு, சாக்ஸோடு, என்னைக் கடந்து தாழ்வாரத்துக்குப் போனார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயாவது வண்டிய நிறுத்தச் சொல்லியிருக்கலாமே, ஒட்டிலியா" என்று மட்டும் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

இரண்டாவது மணியிலேயே ராட்கா எடுத்துவிட்டாள். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"அப்பா, வேலை முடிஞ்சு வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடட்டுமா?"

வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சரிம்மா. நீ பாத்து ஓட்டு. ஓட்டும்போது பேசக் கூடாது."

தாழ்வாரத்து நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் ஷூவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அவர் போடவில்லை. நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போனார்கள். "இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கா போல" என்றார். ஆமாம் என்றேன். நாலரைக்கும் அதையே சொன்னார். ஆமாம் என்றேன். ராட்காவின் அலுவலகத்திலிருந்து அவள் வீட்டுக்குப் பத்து நிமிடம்தான். அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். மெட்டோட் அந்த வீட்டுக்கு ஒரு தடவையும் போனதில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?