வளையத்துக்குள் எண்பது மில்லிஆம்ப்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அளந்தவள் நான்.

நான் அதிகம் பேசமாட்டேன். அந்த எலக்ட்ரானிக்ஸ் லேபில் சேர்ந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமாக மேலாளரின் கையெழுத்து வேண்டும். அன்று எனக்குக் கொடுத்தது, எர்த்தோடு தொடர்பே இல்லாமல் தனித்து நிற்கும் ஓர் உயர் அதிர்வெண் சர்க்யூட். மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். மின்னோட்டத்துக்கு ஒரு ரப்பர் வளையம். கம்பியைச் சுற்றி மாட்டினால், ஸ்கோப் என்ற அளவீட்டுக் கருவியின் திரையில் மின்னோட்டம் அலையாகத் தெரியும். என் ஸ்கோப் பழுது. ஸ்டோரிலிருந்து பழையதைத் தூக்கி வந்தேன்.

மதியம் 1.10. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அளந்து முடித்து சர்க்யூட்டை அணைத்தேன். வளையத்தைக் கழற்றி, வெறும் காற்றில் மூடினேன்.

திரையில் 80 மில்லிஆம்ப். ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

என் சர்க்யூட்டின் வேகமான அலை அல்ல. சுவர் பிளக்கில் வரும் மின்சாரத்தின் மெதுவான அலை.

வளையத்தை நகர்த்தினேன். ஸ்கோப்பின் உலோகப் பெட்டியிலிருந்து பக்கத்திலிருந்த காலி நாற்காலி வரை... ஒரே கோடு. விலகினால் பூஜ்யம்.

1.17. க்ர்ர்ர்... என்று ஒரு சத்தம்.

கையை விட்டேன்.

வளையம் விழவில்லை.

காற்றில்... நடுங்கிக்கொண்டு...

ஸ்கோப் பிளக்கைப் பிடுங்கினேன். டக். வளையம் விழுந்தது. பிளக்கில் எர்த் பின்னை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

மேலாளரிடம் சொன்னேன்.

"பூஜ்யம்னு எழுதும்மா. காத்துல கரண்ட் ஓடும்னா காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்க?"

"அளந்ததை எழுதணும்னு சொல்லிக்குடுத்தாங்க சார்."

"கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஸ்டோர் அக்கா முகம் வெளுத்தது.

"இதையா எடுத்தே? இதுல வேலை பாத்தவர் தனி சர்க்யூட்டை அளக்க சுலபம்னு எர்த்தை அறுத்தாரு. பெட்டி பூரா ஷாக். நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரு. மூணு வருஷமாச்சு. வலது மணிக்கட்டுல வளையமா கருகியிருந்துச்சு. நான்தான் துணி போட்டு மூடினேன்."

பழைய விபத்துப் பதிவேட்டைக் காட்டினாள். நேரம்: 1.17. காரணம்: மாரடைப்பு. உடலில் பாய்ந்த மின்னோட்டம்: பூஜ்யம். கீழே மேலாளரின் கையெழுத்து.

எனக்கு அந்தக் கையெழுத்து இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் போகட்டும். என் ரிப்போர்ட்டில் 80 என்றுதான் இருக்கிறது. அளந்த இடம் என்ற கட்டத்தையும் நிரப்பிவிட்டேன்.

வலது மணிக்கட்டு.