ஜிர்காடாங் கேட்டில் தூங்கிய அரை மணி

ரங்கத் பஸ் நிலையக் கழிப்பறையில், முற்பகல் பதினோரு மணிக்கு, என் சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் வந்தது. என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அந்த நிறம் எனக்குத் தெரியாததல்ல. வைட்டமின் மாத்திரையின் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முந்தைய மாலை ஜிம்மில் வெறி பிடித்தவன்போல், தோளில் எடை ஏற்றி உட்கார்ந்தெழும் ஸ்குவாட் அடித்திருந்தேன். இரண்டு தொடைகளும் வீங்கி, பேன்ட் இறுகிக் கிடந்தது.

நான் போர்ட் பிளேருக்கும் ரங்கத்துக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டுகிறவன். அன்று திரும்பும் வழியெல்லாம் இடது தொடையைக் கையால் தூக்கித்தான் கிளட்சின் மேல் வைத்தேன். பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டுப் படியை ஏற முடியவில்லை. நிறத்தைச் சொன்னதுமே என் மனைவி செல்வி ஆட்டோவை நிறுத்திவிட்டாள்.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த பெங்காலி டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

நோயின் பெயர் ராப்டோமயோலிசிஸ் (தசை இழைகள் உடைந்து, அவற்றில் இருப்பது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது). கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட கழிவின் அளவு) ஏறியிருந்தது. சலைன் ஏற்றிச் சிறுநீர் பிரிகிறதா என்று பார்ப்பார்கள். மறுநாள் பிற்பகலுக்குள் கூடாவிட்டால் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) பற்றி யோசிக்க வேண்டும் என்றார்.

"கித்னா கண்டா சோத்தே ஹோ?" எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டார்.

ஆறு மணி நேரம் என்றேன்.

"ஜூட் சொல்லாதீங்க," என்று செல்வி என்மேல் பாய்ந்தாள். "பதினோரு மணிக்குப் படுத்து ரெண்டரைக்கு எந்திரிக்கிற ஆளு. இதுல ஆறு மணி நேரமாம்!"

நான் பொய் சொல்லவில்லை. என் கணக்கு அப்படி. காட்டுச் சாலையில் எல்லா வண்டிகளும் கேட் திறக்கும் நேரத்தில் ஒரே வரிசையாகத்தான் போக வேண்டும். அதற்காக ஜிர்காடாங் கேட்டில் காத்திருக்கும்போது ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அரை மணி. கடலைத் தாண்ட ஃபெர்ரி வரும்வரை இன்னொரு அரை மணி. திரும்பும்போதும் அதேபோல. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு வரும். இரண்டு மாதத்தில் தீவு ஆணழகன் போட்டி. மிச்சச் சோர்வை ஜிம் பவுடரும் காபியும் மறைத்தன.

இதையெல்லாம் என் ஹிந்தியில் விளக்கினேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. தூக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், தண்ணீர் குறைவு, பவுடர், ஒரேயடியாக ஏற்றிய எடை எல்லாம் சேர்ந்தது என்றார். பிறகு, "ஸ்டாப்பில் நிற்கிற நேரத்தையெல்லாம் கூட்டி, பஸ்ஸை சர்வீஸ் செய்தாகிவிட்டது என்பாயா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு உலகம் என்பது சிறுநீர் பிடிக்கும் ஓர் அளவுக்குப்பிதான். அதன் கோடுகளைச் செல்வி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் படிப்பாள்.

"வந்துச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு? சரியாச் சொல்லுங்க."

மறுநாள் காலையிலும் குப்பியின் அடிதான் நனைந்தது. நூறு கிலோவைத் தோளில் தூக்கியவன், நாலு சொட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது. அழுதுவிட்டேன். செல்வி பார்க்காததுபோல் போர்வையை மடித்தாள்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குப்பி பாதிக்கு மேல் ஏறியது. நிறமும் வெளுத்திருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்து, "பஸ், அச்சா ஹை," என்றார். போதும், நன்றாக இருக்கிறது. செல்வி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். முந்தைய இரவு முழுக்க அவளும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதே வழியில் போகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். போட்டி நான் இல்லாமலே நடந்து முடிந்தது. சட்டைக் கைகள் தொளதொளக்கின்றன. கண்ணாடி முன் நின்றால் இன்னும் வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். டாக்டரம்மா அனுமதித்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பஸ் எடுக்கிறேன். ஜிம்மில் குறைந்த எடைதான். எட்டு மணிக்கே படுத்துவிடுவதால் செல்வி எனக்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் ஜிர்காடாங் கேட்டில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த அரை மணி எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. நேற்று கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வெளிச்சம் வந்த பிறகும் வண்டி நிறைய ஆட்கள் வாய் பிளந்து தூங்கினார்கள். முன்பு இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைப்பேன்.

கேட் திறந்தது. யாரும் விழித்துக்கொள்ளாதபடி, கிளட்சை மெல்ல விட்டேன்.