திரும்பத் திரும்ப இரண்டு

டிர்ர்ரிங்!

இன்டர்காம் அலறியது. மாலை நாலு பத்து. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்கிறவர்கள் இதை நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"கம்ப்யூட்டர் தம்பி! விபத்துல வந்த பெரியவர் இறந்துட்டாருல்ல, அவர் ஃபைலை மூடினா 'முடிந்தது'ங்குது. பாடி கொடுக்கற சீட்டு மட்டும் வரமாட்டேங்குது. அவர் பொண்ணு எவ்வளவு நேரமா நிக்குது, பாவம்!" கவுன்ட்டர் அக்கா.

அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸ் என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். யார் முகமும் பழகவில்லை.

டேட்டாபேஸில் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலைக்கென்று எழுதி வைத்த கட்டளையை, கூப்பிட்டால், வேலை ஆனதா இல்லையா என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். எங்களுடையதில் பூஜ்யம் என்றால் ஃபைல் மூடியாயிற்று. ஒன்று என்றால் அப்படி ஒரு நோயாளியே இல்லை. இரண்டு என்றால் வேறு யாரோ அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கவுன்ட்டர் திரைக்குப் புரோகிராம் எழுதின புண்ணியவான் அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எது வந்தாலும் 'முடிந்தது' என்று காட்டிவிட்டான்.

நானே நேரடியாகக் கூப்பிட்டேன்.

இரண்டு.

யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு நர்ஸ். மூன்றாம் மாடி வார்டு கம்ப்யூட்டர். இணைப்பைத் துண்டித்தேன். மறுபடி கூப்பிட்டேன்.

இரண்டு.

துண்டித்தேன்...

இரண்டு.

மாடிக்கு ஓடினேன். வார்டு மூலையில் நர்ஸ் ஒருத்தி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் வாட்ச். விரல்கள் கீபோர்டில் ஓடின. சத்தமே இல்லை...

"சிஸ்டர், அந்தப் பெரியவர் ஃபைலை விடுங்க. கீழே அவர் பொண்ணு காத்திருக்கு."

திரும்பவில்லை. "இதோ, தம்பி... இன்னும் கொஞ்சம் பார்த்துக்கறேன்."

அழுது அடைத்த குரல். அதட்ட மனம் வரவில்லை.

இறங்கினேன். கூப்பிட்டேன்.

பூஜ்யம்.

சீட்டை நானே எடுத்துப்போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "மன்னிச்சிடும்மா. மூலை கம்ப்யூட்டர்ல ஒரு சிஸ்டர் திறந்து வச்சிட்டு, விடவே மாட்டேன்னுட்டாங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"வாட்ச்சை வலது கையில கட்டியிருந்தாங்களா?"

"ஆமா..."

அவள் மாடிப்படியைப் பார்த்தாள்.

"அது எங்க அக்கா. இங்கதான் நர்ஸா இருந்தா. வண்டியில அப்பாவுக்குப் பின்னாடி உட்கார்ந்து வந்தவ, அந்த இடத்துலயே போயிட்டா... அப்பா கண்ணு முழிச்சுக் கேக்கறப்பல்லாம், 'அக்கா டியூட்டியில இருக்கா, இப்ப வந்துடுவா'ன்னுதான் சொல்லிட்டிருந்தோம்."