திங்கட்கிழமை மாவு

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவர்கள் உண்டு, பாடம் நடத்துகிறவரும் உண்டு. ஆனால் தாமே ஒரு பாடமாகிப் போனவர் அம்மாவின் அண்ணன் ஒருவர்தான். மாமா என்று நான் சொல்வது அவரைத்தான். சிங்கப்பூரில் இந்தியர்கள் கூடும் தேக்காவில் இட்லி, தோசை மாவு அரைத்து விற்கும் கடை வைத்திருந்தார். விடிவதற்குள் கிரைண்டர் ஓடத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் டப்பாக்கள் காலியாகிவிடும். அந்தக் கடைக்கு ஒரு குறையும் இல்லை. அவரைக் கல்லூரி வரை கொண்டுபோனது பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அவர் திறந்து, கொஞ்ச காலம் நடத்தி, மூடிய கிளைக் கடை.

அப்பா இறந்த பிறகு அம்மா சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். பல நாள் நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது வீடு பூட்டியிருக்கும். எதிர்வீட்டு மலாய் அம்மாள் சோறு போட்டு உட்கார வைத்திருப்பார். அம்மா யாரிடமும் கை நீட்டாதவர். மாமா ஒரு பை அரிசி தூக்கி வந்தால்கூட அது அடுத்த பஸ்ஸில் தேக்காவுக்குத் திரும்பிவிடும். அப்படிப்பட்டவரிடம்தான் ஒருநாள் மாமா வந்து கெஞ்சினார்.

"பிடோக்குல ஒரு கடை போடலாம்னு இருக்கேன்மா. நம்பிக்கையான ஆள்தான் கிடைக்கல. நீ பார்த்துக்கிட்டா நான் தப்பிச்சேன்."

அண்ணன் இவ்வளவு தூரம் இறங்கி வந்து கேட்கிறாரே என்று அம்மா மனமிரங்கி ஒப்புக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தார். எனக்குச் சொர்க்கம். பள்ளி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்தே அம்மாவின் தலை தெரியும். கடைக்குள் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவேன், வீட்டுப்பாடம் எழுதுவேன். விற்காத மாவு நாலு மணி வெக்கையில் பொங்கி மூடியைத் தள்ளும். புளித்ததையெல்லாம் அம்மா ஊத்தப்பமாக்கி என் தட்டில் போட்டுவிடுவார். அந்தக் காலத்தில் ஒரு சீனத் தாத்தா மட்டும் தவறாமல் மாவு வாங்கிப்போவார். அதில் அவர் சீனி போட்டு வேகவைத்துக் கேக் செய்கிறார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

பிறகு அம்மாவுக்குப் பழைய இடத்திலேயே பகல் நேர அலுவலக வேலை கிடைத்தது. எனக்கும் பள்ளியிலேயே சாயங்காலம்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இடம் கிடைத்தது. அடுத்த மாதமே மாமா கடையை மூடிவிட்டார். 'என்னை நம்பிக் கொடுத்த கடை' என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, ஒரு பாலிடெக்னிக்கில் வணிகம் கற்பித்தார். வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்கள் எப்படிக் கவிழ்ந்தன என்று மாணவர்களுக்குப் படிக்கக் கொடுப்பாராம். அவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே படிப்பார்களாம். கவிழ்ந்தவரே நேரில் வந்து நின்றால் தூக்கம் கலையும் என்று சித்திக்குத் தோன்றியது. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் வரக்கூடிய ஆள் கைவசம் ஒருவர் இருந்தார்.

"அண்ணே, பிடோக் கடை எப்படி லாஸ் ஆச்சுன்னு ஸ்டூடண்ட்ஸ்கிட்ட வந்து சொல்லணும். தப்பா நினைக்காதீங்க."

"இதுல என்ன லா தப்பு? மூடின கடையால நாலு பேருக்காவது பிரயோஜனம் இருக்கட்டும்."

பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு வேலை இருந்ததால் என்னையும் மாமா கூட்டிப்போனார். தீபாவளிக்கு எடுத்த முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, கையில் ஒரு டப்பா மாவோடு வந்தார். மாவு எப்படிப் பொங்கி வழியும் என்று மாணவர்களுக்குச் செய்து காட்டப் போகிறாராம். வகுப்பறையின் ஏர்கான் குளிரில் அது சொட்டுக்கூட அசையாமல் மேசையில் உட்கார்ந்திருந்தது.

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. மாமா தேக்கா ஆங்கிலத்தில் சமாளித்தார். அவர் கதையைச் சொல்லி முடித்ததும் மாணவர்கள் அவர் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட, சித்தி வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டே போனார். தோசை சுடத் தெரியாதவர்கள் அதிகம் வாழும் இடத்தில் கடை. ஒருநாள் தாண்டினால் புளிக்கும் சரக்கு. ஒரு விளம்பரம் கிடையாது. பக்கத்துப் பேரங்காடியில் குளிர்பெட்டிக்குள் பாக்கெட் மாவு. ஒவ்வொன்றுக்கும் மாமா, "கரெக்ட், கரெக்ட்" என்று தலையாட்டினார், ஏதோ பரிசு கொடுப்பதைப் போல. என் மாமா ஒரே ஒரு கேள்விக்காவது சரியாகப் பதில் சொல்லி ஜெயித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து முக்காடு அணிந்த ஒரு மலாய் அக்கா கை தூக்கினார். தன் வீட்டில்கூடச் சனி, ஞாயிறு காலையில்தான் தோசை சாப்பிடுவார்களாம். பிடோக் கடையோ திங்கள் முதல் வெள்ளி வரை, அதுவும் மத்தியானத்துக்கு மேல் மட்டும் திறந்திருந்ததாக மாமாவே சொன்னாரே. மாவு விற்கிற நாளில் மூடிவிட்டு, விற்காத நாளில் ஏன் திறந்து வைத்தார்?

அம்மா முன்பு இதையே கேட்டபோது, சனி ஞாயிறு தேக்காவுக்கே மாவு போதவில்லை என்று மாமா சொல்லியிருந்தார். அந்தப் பதிலையே இங்கேயும் சொன்னார். கூடக் கொஞ்சம் அரைத்தால் போயிற்றே என்றார் அந்த அக்கா. மாமா டப்பா மூடியைத் திறந்தார், மூடினார். எனக்குத் தாங்கவில்லை. இதற்குப் பதில் எனக்குத் தெரியுமே. பள்ளியில் செய்வதுபோலக் கையை உயர்த்திக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சனி, ஞாயிறு எனக்கு ஸ்கூல் கிடையாது" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன்.

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மாமா. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. பலகைப் பக்கம் திரும்பி மார்க்கரைப் பிடித்தபடி நின்றார். எழுதவும் இல்லை, திரும்பவும் இல்லை. பிறகு இன்றைக்கு இது போதும் என்று வகுப்பை முடித்துவிட்டார். மாணவர்கள் போனதும் என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவிழாத என் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். நெடுநேரம் கட்டினார். எழுந்ததும், "அண்ணே, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அண்ணனைக் கவிழ்ந்தவர் என்று கூப்பிட்டு நிறுத்திய சித்தி அன்று அவர் தட்டில் கோழித்துண்டாக அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். மாமா போதும் போதும் என்றாலும் விடவில்லை.

டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுவதற்காக நடக்கும்போது மெல்லக் கேட்டேன்.

"மாமா, நான் சொன்னது தப்பா?"

"யார் சொன்னா?"

"எல்லாரும் சிரிச்சாங்களே."

"சரியாச் சொன்னாலும் சிரிப்பாங்க லா. நீ சொன்னது சரிதான்." மாவு டப்பாவைக் கை மாற்றிக்கொண்டார். "ஆனா இந்தக் கேள்வி பதிலெல்லாம் அம்மாகிட்ட சொல்ல வேணாம், என்ன?"

பாவம், கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தோற்றுப்போனது அம்மாவுக்குத் தெரிந்தால் வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் இருந்தது. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கிளாஸ்ல என்னடி சொன்னாங்க?" என்று கேட்டார். கொடுத்த வாக்கை மீறாமல், "மாமாவுக்கு வியாபாரமே தெரியாதாம்" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் கடையைப் பற்றிய பேச்சில் அவர் முகம் தெளிந்திருந்தது.

"அது எனக்கு அப்பவே தெரியும். நான் மட்டும் இல்லன்னா அந்தக் கடையே இருந்திருக்காது."

நானும் பெரிய மனுஷிபோல ஆமாம் என்று தலையாட்டினேன். அது எவ்வளவு உண்மை என்று அந்தச் சமையலறையில் இருந்த எங்கள் இருவருக்குமே அன்றைக்குத் தெரியவில்லை.