எண்ணூறிலேயே நின்ற நாற்பது மெஷின்கள்

அடையாறில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபை ரூபீனா பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். பதவியின் பெயர் லேப் அசிஸ்டென்ட். எலி வயரைக் கடித்தாலும், மாணவர்கள் பாஸ்வேர்டை மறந்தாலும், ஏசியில் தண்ணீர் சொட்டினாலும் எல்லோரும் தேடுவது அவளைத்தான். மீர்சாகிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து எட்டரைக்கெல்லாம் வந்து கதவைத் திறந்துவிடுவாள்.

இந்த ஜூனில் கல்லூரி திறந்த முதல் வாரமே தொல்லை ஆரம்பித்தது. நாற்பது மெஷினும் தூக்கக் கலக்கத்தில் இழுத்தன. பத்து நொடியில் முடிகிற புரோகிராம் முக்கால் நிமிடம் எடுத்தது.

"மேம், இது முடியறதுக்குள்ள கேன்டீன் போயிட்டு வந்துரட்டா?" என்று கேட்டாள் லாவண்யா என்ற மாணவி. வகுப்பே சிரித்தது. ரூபீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

உட்கார்ந்து பார்த்தாள். வேலை அதிகமானால் ப்ராசசரின் வேகம் மூவாயிரத்து அறுநூறு மெகாஹெர்ட்ஸ் வரை எகிற வேண்டும். எல்லா மெஷினிலும் எண்ணூறிலேயே நின்றது. மே மாத விடுமுறையில் மெஷின்களை விற்ற கம்பெனியின் ஆள் வந்து, ஆன் செய்ததும் மெஷினை எழுப்பிவிடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை எல்லாவற்றிலும் புதிதாக ஏற்றிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தாள். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். நான்காவது நாள் சர்வீஸ் இன்ஜினியர் சாய்சரண் ஒரு ப்ளோயரோடு வந்தான்.

"தூசி மேடம். அதான் ஸ்லோ."

நாற்பது பெட்டியையும் திறந்து ஊதினான். தூசி முழுக்க ரூபீனாவின் துப்பட்டாவில் இறங்கியது. எண் எண்ணூறிலிருந்து அசையவில்லை.

"லினக்ஸ் போட்டிருக்கீங்களே மேடம், அதுக்கு எங்க சப்போர்ட் கெடையாது."

"விண்டோஸ் போட்டா சரியாயிடுமா தம்பி?"

"கண்டிப்பா."

இப்படித்தான் சொல்வான் என்று தெரிந்து, முந்தின நாளே விண்டோஸ் போட்ட ஒரு டிஸ்க்கைத் தயாராக வைத்திருந்தாள். மாட்டிக் காட்டினாள். எண்ணூறு. சாய்சரண் ப்ளோயரின் வயரைச் சுருட்டினான். "மேல சொல்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

துறைத் தலைவர் ராமானுஜம் எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிப் பாத்துடேம்மா."

"வண்டி ஓடலன்னு சீட் கவர மாத்துனா ஓடுமா சார்?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வார இறுதியில் வீட்டில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்ததில் விஷயம் பிடிபட்டது. மெஷின் சூடேறினால், 'இதற்கு மேல் ஓட்டாதே' என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்வது பயாஸின் வேலை. புது பயாஸோ ஆன் செய்த நொடியிலேயே, ப்ராசசர் ஜில்லென்று இருக்கும்போதே, அதைச் சொல்லிவிடுகிறது. சிஸ்டமும் அப்படியே கேட்டுக்கொள்கிறது. அந்தப் பேச்சைக் காதில் வாங்காதே என்று சொல்ல லினக்ஸில் ஒரு வழி இருந்தது. மெஷின் பூட் ஆகி எழும்போது சிஸ்டம் படிக்கிற வரியில் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஒரே ஒரு மெஷினில் போட்டாள். எண் மூவாயிரத்து அறுநூறுக்குத் தாவியது. ஆனாலும் பயமாக இருந்தது. நிஜமாகவே சூடேறினால்? இரண்டு நாள் அந்த மெஷினை முழு வேகத்தில் ஓட்டி, மணிக்கொரு முறை சூட்டைக் குறித்துக்கொண்டாள். எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. பிறகுதான் மற்ற முப்பத்தொன்பதிலும் போட்டாள். தன் இடத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் அனுப்பியிருக்கலாம். ஆனால் யார் மீதும் நம்பிக்கை இல்லாமல் போயிருந்ததால் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று, எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டே நகர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. புகார் தீர்க்கப்பட்டது, காரணம், தூசி. ரூபீனா எல்லாவற்றையும் விளக்கி, புகாரைத் திரும்பத் திறக்கச் சொல்லி நான்கு பக்கம் பதில் எழுதினாள். எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள்.

அக்டோபரில் இன்னொரு பயாஸ் வந்தது. வேகம் மேம்படுத்தப்பட்டிருப்பதாகக் குறிப்பு. ஒரு மெஷினில் மட்டும் ஏற்றி, தான் சேர்த்த சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தாள். ஆயிரத்து இருநூறு. சொல்லைத் திரும்பச் சேர்த்துவிட்டு சாய்சரணுக்குப் போன் போட்டாள்.

"மேம்பட்டிருக்கு தம்பி. எண்ணூறு ஆயிரத்து இருநூறாயிருக்கு."

"சூப்பர் மேடம்! அப்ப கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணிரலாமா?"

ரூபீனா போனை வைத்தாள். வெளியே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பிராக்டிகலுக்காகக் காத்திருந்தார்கள். போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.