சிவப்புப் பட்டனில் காய்ந்த சந்தனம்

விதைத்த நெல் விரல் நீளம் வளர்ந்திருந்தபோது எங்கள் ஒக்கூர் வயலில் போர்க்கிணற்று மோட்டார் நின்றுபோனது. மழையோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பச்சைப் பட்டனை அமுக்கினால் 'டக்' என்ற சத்தம்கூட இல்லை. "மோட்டார் எரிஞ்சு போச்சு" என்று என் வீட்டுக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். மோட்டாரை வெளியே தூக்கும் வண்டிக்காரர்கள் வாரக் கடைசியில்தான் வருவார்களாம். அதற்குள் பயிர் வைக்கோலாகிவிடும்.

எனக்குப் பொறுமை கிடையாது. காரைக்குடியில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் போட்டேன். பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மிக்சி ரிப்பேருக்கு மேல் அந்தப் படிப்பை யாரும் சீண்டியதில்லை, நாங்களும்தான்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டீகளா அண்ணி? ஸ்டார்ட்டர் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன். எனக்கு அது கோழி கிளறிய கோலம் மாதிரிதான் தெரிந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வட்டத்துக்குள் எம் என்று இருந்தால் மோட்டார். சின்னக் கட்டம்தான் காயில், அதாவது கம்பிச்சுருள். கரண்ட் வந்ததும் காந்தமாகி இழுத்துப் பிடிக்கும், அந்தச் சத்தம்தான் 'டக்'. கட்டத்துக்கு நடுவே கோடு ஓடினால் ஃபியூஸ். கேட்கக் கேட்கப் படம் பேச ஆரம்பித்தது. ஆனால் பச்சைப் பட்டனின் கோடு பிரிந்திருந்தது, சிவப்பின் கோடு சேர்ந்திருந்தது.

"என்னத்தா, மாத்தி வரைஞ்சிருக்கான்? நிப்பாட்டுற பட்டன்தானே பிரிஞ்சிருக்கணும்?"

"இல்ல அண்ணி. யாரும் தொடாதப்ப எப்படி இருக்குமோ அப்படித்தான் வரைவாக. சிவப்பைத் தாண்டித்தான் கரண்ட் பச்சைக்கு வரணும். சிவப்பை அமுக்குனா வழி அந்துபோகும். அது அமுங்கியே கிடக்குதான்னு பாருங்க."

பார்த்தேன். முந்தின நாள் ஆயுத பூசைக்கு இவர் பெட்டிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். வீட்டுச் சாமி படங்களுக்குக்கூட அவ்வளவு தாராளம் கிடையாது. சந்தனம் சிவப்புப் பட்டனைச் சுற்றி இறங்கிக் காய்ந்து, அமுங்கிய பட்டனை எழவிடாமல் இறுக்கியிருந்தது. ஊக்கால் சுரண்டினேன். பட்டன் துள்ளி வெளியே வந்தது. மெயினைப் போட்டுப் பச்சையை அமுக்கினேன். டக்!

குழாயில் தண்ணீர் கொட்டியதும் நான் அழுதுவிட்டேன். கோபக்காரிக்கு அழுகையும் சீக்கிரம் வரும். போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்து, "நல்லா இருப்பத்தா" என்றேன்.

பயிர் பிழைத்து விளைந்தது. புதுவயல் ஊர் மில்லில் அரைத்துவந்த அரிசியில் முதல் மூட்டையை இவர் வண்டியில் ஏற்றினார்.

"தங்கச்சிக்குப் பொறந்த வீட்டுச் சீரு" என்றார்.

அவளுடைய அப்பா உழுத வயல். அவள் காப்பாற்றிய பயிர்.

"சீருன்னு சொல்லாதீக" என்றேன். "அவ பங்குன்னு சொல்லிக் குடுங்க."