கத்தரித் தோட்டத்துக்கு வந்த வண்டுகள்

நேற்று மழை விட்டதும் தேவகோட்டையில் காரைக்குடி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சட்டையில் ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது. வெளிர்மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள். பக்கத்தில் நின்றவர் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

"இருக்கட்டுங்க, நமக்குத் தெரிஞ்சவுகதான்" என்றேன். அவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

இந்த வண்டைப் பார்த்தால் எனக்கு நனைந்த பார்த்தீனியச் செடியின் கசப்பு நெடி வரும். கூடவே செசிலி அக்கா வருவார். நான் விவசாய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊருக்கு வெளியே அக்காவுக்கு அரை ஏக்கர் கத்தரி. சுற்றியிருந்த தரிசெல்லாம் இடுப்புயரப் பார்த்தீனியம். அதைப் பிடுங்கிப் பிடுங்கி அவருக்கு முழங்கைவரை தோல் வெடித்திருந்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார்.

அந்தச் செடியைத் தின்னவென்று மெக்சிகோவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டின் வம்சத்தை டப்பாவில் அடைத்து எடுத்துப்போனேன். அக்கா மருந்தடிக்கும் தெளிப்பானோடு வரப்பில் நின்றார்.

"செடி திங்கிற வண்டு எங் கத்தரிய மட்டும் விட்ருமாக்கும்?"

"அந்தச் செடியத் தவிர வேற எதையும் சீண்டாதுக்கா."

"ஒங்ககிட்ட வந்து சொல்லுச்சா?"

புத்தகத்தில் படித்தேன் என்றால் நம்பமாட்டார். அவருடைய கத்தரிச்செடி ஒன்றைக் கொசுவலையால் மூடி, உள்ளே இருபது வண்டுகளை விட்டு, முடிச்சை அவரையே போடச் சொன்னேன். பேச்சில் வீரம்தான், ஆனாலும் தினமும் சைக்கிளை மிதித்துப்போய் வலைக்கு வெளியே நின்று இலைகளை உற்றுப் பார்ப்பேன்.

எட்டாம் நாள் அவரே அவிழ்த்தார். இலையில் ஒரு பொத்தல் இல்லை. பாதி வண்டுகள் செத்துக் கிடந்தன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

"பட்டினி கெடந்தே செத்துருக்குகளே தம்பி. இம்புட்டு வைராக்கியமா?"

உயிரோடிருந்தவற்றை அவரே தரிசில் கொண்டுபோய் விட்டார். நான் கொண்டுவந்த மற்ற வண்டுகளுக்கும் அன்றே அனுமதி கிடைத்தது.

முதல் மழைக்காலத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மழையில் செடிகள் இலையின்றி வெறும் குச்சிகளாக நின்றன, பூக்கவே இல்லை. அக்காவின் கைகளில் தோல் மூடியது.

நாட்டரசன்கோட்டைக்காரர்கள் வண்டு கேட்டார்கள் என்று மறுவருடம் அக்காவின் தோட்டத்துப் பக்கம் பிடிக்கப் போனேன். தரிசு முழுக்கத் தும்பையும் அறுகும்தான். "அங்குட்டுப் பாருங்க, இங்குட்டுப் பாருங்க" என்று அக்காவும் கூடவே தேடினார். ஒரு வண்டுகூட இல்லை.

"எங்கதான் போச்சுக?"

"இங்க திங்க ஒண்ணுமில்லக்கா. செடியிருக்கற ஊரு தேடிப் போயிருக்கும்."

அன்று வெறுங்கையோடு அலுவலகம் திரும்பினேன். வேலையில் அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றது அந்த ஒரு நாள்தான்.